இடது பக்கத்து இருக்கை

வெள்ளைதான் மேடம், வீடியோவில் கொஞ்சம் நீலமாகத் தெரியும், நேரில் பால் மாதிரி இருக்கும் என்று ஷோரூம் பெண் வினோதினி சொன்னாள், நான் சரிம்மா என்றேன். சொல்லும்போதே நினைத்துக்கொண்டேன், அரைக் கிலோ தக்காளிக்குப் போனால்கூட நாலைந்தை அழுத்திப் பார்க்காமல் கூடையில் போடமாட்டேன், சேலையென்றால் முந்தியைக் கசக்கிப் பார்த்து, கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்து, கடைக்காரருக்கு அலுப்பு வரும்வரை நிற்பேன், இப்போது ஒரு காரை, இந்த வால்பாறையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சென்னையில் நிற்கிற காரை, உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் பார்த்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் இந்தப் படுக்கையறை ஜன்னல், அதுவும் வலது பக்கக் கம்பியை ஒட்டி ஒரு சாண் இடம், அங்கேதான் அவருடைய கட்டிலும் கிடக்கிறது, அதனால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையை நீட்டி, போனை அவருக்கும் எனக்கும் பொதுவாகப் பிடித்திருக்கிறேன். தோள்பட்டை வலிக்கிறது. கோயமுத்தூரில் இரண்டு இடத்தில் கேட்டாயிற்று, கியர் போடாத வண்டி இருக்கிறது, ஆனால் இடது பக்கத்து சீட் வெளியே திரும்புகிற மாதிரி நாங்கள் செய்து தருவதில்லை என்றார்கள். அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டியதில்லை, சீட்டே கதவுக்கு வெளியே திரும்பி வந்து அவரை வாங்கிக்கொள்ளும், அதைப் பொருத்திக் கொடுக்கிற ஷோரூம் சென்னையில் ஒன்று இருக்கிறது என்று பொள்ளாச்சியில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட்தான் நம்பர் தந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் பொள்ளாச்சிக்கு இறங்கி ஏற வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் முதலில் சிஸ்டருக்காக வருகிறோம் என்றார்கள், பிறகு போனை எடுப்பதில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒரு ஆளைத் தூக்கி ஏற்றி, வழியில் அவர் வாந்தி எடுத்தால் துடைத்து, மறுபடி தூக்கி இறக்கி, அதற்கெல்லாம் வாடகை கிடையாது. "நீங்க ரெண்டு பேரும் பொறுமையா பாருங்க மேடம். ஓகேன்னு சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே ரிஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் எதுவும் மாத்த முடியாது" என்றாள் வினோதினி. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல" என்றார்.

இந்த இல்லையை வைத்துக்கொண்டுதான் பதினாலு மாதமாகக் குடும்பம் நடத்துகிறேன். பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் போனது, பேச்சும் போனது, இரண்டு மாதம் வெறும் மூச்சுதான், பிறகு ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது தெளிவாக இல்ல என்றார், நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், பேச்சு வந்துவிட்டது என்று. வந்தது அந்த ஒரு வார்த்தைதான். சிலருக்கு இப்படி ஒரே வார்த்தை மாட்டிக்கொண்டு நின்றுவிடும் சிஸ்டர், அவர் நினைப்பதெல்லாம் அந்த ஒன்றின் வழியாகத்தான் வெளியே வரும், அதற்கு அந்த அர்த்தம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். முப்பது வருஷமாக எத்தனையோ நோயாளியின் முகத்தைப் படித்த நர்ஸ் நான், மரியபுஷ்பம் சிஸ்டர் கையைத் தொட்டாலே காய்ச்சல் எத்தனை என்று சொல்லிவிடும் என்பார்கள், சொந்த வீட்டுக்காரரின் ஒரு வார்த்தையைப் படிக்க எனக்கு மாதக்கணக்கானது. பசிக்கு ஒரு இல்ல, அதில் ல் இழுபடும். மூத்திரத்துக்கு ஒன்று, அது வெட்டின மாதிரி வரும். போதும் என்பதற்குத் தணிந்த குரலில் ஒன்று. சரி என்பதற்கும் இல்லதான், அப்போது கண்ணை மூடித் திறப்பார். வேண்டாம் என்பதற்கு உண்மையான இல்ல, அதை இரண்டு தடவை சொல்வார். இப்போது சொன்னது ஒரு தடவை. கண்ணை மூடினாரா? நான் அந்த நேரம் பார்த்து போன் நழுவாமல் பிடிப்பதில் இருந்துவிட்டேன். பதினாலு மாதத்தில் இந்த ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன், தவறவிடக் கூடாத ஒன்றை.

"சார் ஏதோ சொன்னாரே மேடம்?" "ஒண்ணுமில்லம்மா, நீ டயரைக் காட்டு." வினோதினி குனிந்து டயரைக் காட்டினாள், முன்பக்கம், பின்பக்கம், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை. ஷோரூம் தரை பளபளவென்றிருந்தது, அதில் வண்டியின் அடிப்பாகம் தலைகீழாகத் தெரிந்தது, பக்கத்தில் ஒரு குடும்பம் வேறொரு வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது, அவர்கள் கதவைத் திறந்து மூடினார்கள், சத்தம் எங்கள் படுக்கையறைக்குள் கேட்டது. என்னங்க, டயர் நல்லாருக்கா என்று கேட்டேன். "இல்ல" என்றார், கண்ணை மூடித் திறந்தார். சரி. எனக்கு மூச்சு வந்தது. டயரைப் பற்றி இவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, இருபத்தெட்டு வருஷம் எஸ்டேட் ஆம்புலன்ஸ் ஓட்டினவர், யேசுவடியான் அண்ணன் வண்டி என்றால் இந்த மலையில் பிரசவ வலியோடு இருக்கிறவளுக்கே பாதி தைரியம் வரும். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை. வண்டி எதுக்கு, நமக்குத்தான் பிள்ளையுமில்லை குட்டியுமில்லை, போறதுக்கு ஊருமில்லை என்பார். நானும் அந்த வண்டியில்தான் போனேன், பின்னால், நோயாளியோடு. டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அதில் நோட்டுப் புத்தக அளவு ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடி வழியாக அவருடைய பிடரி தெரியும், கழுத்துச் சதையில் ஒரு மறு, வியர்வை, பதற்றமான நாளில் இறுகிப்போகிற நரம்பு. மற்ற பெண்கள் புருஷனின் முகத்தைப் பார்த்துப் பழகியிருப்பார்கள், நான் பிடரியைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். "இன்ஜின் ஸ்டார்ட் பண்றேன் மேடம், சவுண்டே வராது பாருங்க" என்றாள் வினோதினி. அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். அறையில் அந்த மெல்லிய உறுமல், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அவள் நிறுத்தட்டுமா என்று கேட்டாள், நான் இன்னும் கொஞ்சம் என்றேன், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இப்படி ஒரு கவனத்தைப் பதினாலு மாதமாக நான் பார்த்ததில்லை. அப்போது இது போதும், வண்டி வராவிட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டு நிமிஷம் போதும் என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது.

பிறகு அவள் இடது பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இப்ப முக்கியமானது மேடம். சார் நல்லாப் பாருங்க, இது உங்களுக்காகவே போட்டது." ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள், சீட் மெதுவாகத் திரும்பி, வெளியே நீண்டு, கொஞ்சம் தாழ்ந்து, உட்காரச் சொல்வது போல நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எத்தனை நாள் இவரை இரண்டு கையாலும் அணைத்து, என் முதுகு விட்டுப்போக, சீட்டுக்குள் திணித்திருக்கிறேன், அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பார், அதெல்லாம் இனி இல்லை. "பாருங்க, எவ்வளவு லேசா வருது" என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "இல்ல. இல்ல." இரண்டு தடவை. "என்னங்க?" "இல்ல." மூன்றாவது தடவை. வினோதினி சிரித்த முகமாகவே நின்றாள், அந்தச் சீட் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எது இல்லை, சீட்டா, வண்டியா, செய்யச் சொல்லி மூன்று மாதம் காத்திருந்ததை இப்போது எப்படி வேண்டாமென்பது, அவரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், கேட்டால் இல்ல என்பார் என்று பயந்துதான் கேட்கவில்லை, அதுதான் உண்மை, நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவர் முன்னால் நீட்டுகிறேன், மாத்திரையை நீட்டுவது போல. அப்புறம்தான் புத்திக்குப் பட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இடது பக்கம் உட்கார்ந்ததே கிடையாது. மூட்டையாகத் தூக்கிப் போட்டு வாடகை வண்டிகளில் கொண்டுபோனது வேறு, அது நோயாளியைக் கொண்டுபோவது, அதில் மனுஷனுக்கு இடமென்று ஒன்று கிடையாது. இது அவருக்கென்று போட்ட இடம், இனி உன் இடம் இதுதான் என்று நானே பொருத்தி வாங்கியது. அப்படியானால் வலது பக்கம் யார்? அந்த நேரம் பார்த்து வினோதினி கேட்டாள், "மேடம், டிரைவர் வச்சிருக்கீங்களா, இல்ல யாரு ஓட்டப் போறாங்க? அவங்க உயரத்துக்கு சீட்டை செட் பண்ணி அனுப்பிடறேன்." நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நான்தாம்மா ஓட்டப்போறேன்" என்றேன். சுவரைப் பார்த்திருந்த அந்தப் பிடரியில் நரம்பு இறுகியது.

அவருக்குத் தெரியாது. ஆறு மாதமாக டியூட்டி கூடுதலென்று சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரோடு உட்காரவைத்துவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஐம்பத்தேழு வயதில். சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம், தோற்றுப்போனால் யாருக்கும் தெரியாமல் இருக்கட்டுமென்று. ஆனால் அது மட்டுமில்லை, எனக்கே தெரியும் அது மட்டுமில்லையென்று, அந்த இடத்துக்குப் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன், டயர், சீட், நிறம் என்று. வெள்ளத்தாய். பேரைச் சொல்லிவிட்டேன். தொண்ணூற்றெட்டு, ஆகஸ்ட், பகல் இரண்டு மணி, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் அவளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை, எங்கள் ஆஸ்பத்திரியில் ஏற்ற ரத்தமில்லை, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோ என்றார் டாக்டர். குழந்தையை அவள் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். மலைப்பாதையில் கவர்க்கல் வரும்போது பனி இறங்கியது. மலையில் பனி புதிதில்லை, ஆனால் அன்றைக்கு வந்தது சுவர் மாதிரி வந்தது, ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழுந்தது. வண்டி நின்றது. நான் கண்ணாடியைத் தட்டினேன். "போங்க." "ரோடு தெரியல சிஸ்டர்." ஆம்புலன்ஸில் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், வீட்டில்தான் புஷ்பம். "மெதுவா போங்க, நிறுத்தாதீங்க." அவர் இறங்கி முன்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார், சட்டையெல்லாம் நனைந்து. "பத்தடி தெரிஞ்சாப் போதும் சிஸ்டர், நகத்திருவேன். அஞ்சடிகூடத் தெரியல." நான் அவள் வயிற்றை அமுக்கிக்கொண்டே இருந்தேன், என் முழங்கைவரை சூடாக இருந்தது, அவள் அக்கா குளுருதுக்கா என்றாள், நான் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தேன், அந்தக் கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பிடரி அசையாமல் இருந்தது. முப்பத்தைந்து நிமிஷம். வாட்சைப் பார்ப்பது என் வேலை, அதனால் தெரியும். பனி விலகியதும் அவர் ஓட்டிய ஓட்டம் எனக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் பொள்ளாச்சிக்குள் நுழையும்போது நாடி இல்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி குழாயடியில் அவர் வண்டிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று சொன்னேன். "நீங்க நிறுத்தாம இருந்திருந்தா அவ இருந்திருப்பா." அவர் நிமிரவில்லை. அடுத்த வாளியை ஊற்றினார். அவ்வளவுதான், அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான், இருபத்தாறு வருஷத்தில். சண்டையில்லை, சாப்பாட்டில் குறையில்லை, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்துதான் கோயிலுக்குப் போனோம். ஆனால் அதற்குப் பிறகு வீட்டிலும் என்னை சிஸ்டர் என்றே கூப்பிட்டார். அக்கம்பக்கத்தில் அது கேலியென்று நினைத்துச் சிரித்தார்கள், நானும் கூடவே சிரித்தேன். ஒரு நாள் கேட்டிருக்கலாம். அவருக்கு எல்லா வார்த்தையும் இருந்தபோது கேட்டிருக்கலாம்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" "இருக்கேம்மா. ஒரு அஞ்சு நிமிஷம் குடுப்பியா? அவருகிட்ட ஒண்ணு பேசணும்." "தாராளமா பேசுங்க மேடம், நான் போனை உள்ள வச்சிட்டு அந்தப் பக்கம் நிக்கறேன்" என்று அவள் போனை சீட்டின் மேல் எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தாள், நல்ல பெண், என் மகள் வயதிருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். போன் கண்ணாடியில் இப்போது ஸ்டியரிங் மட்டும் தெரிந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஸ்டியரிங். பேசணும் என்று சொல்லிவிட்டேன், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. இவரால் பதில் சொல்ல முடியாத நேரத்தில் சொல்வது நியாயமா, குழாயடியிலும் இவர் பதில் சொல்லவில்லை, அப்போதும் நான்தான் பேசினேன், இப்போதும் நான்தான் பேசப்போகிறேன், பேசுவது எப்போதும் என் பக்கமாகவே இருந்துவிட்டது. சொல்லாமல் வண்டியை வாங்கி, சொல்லாமல் அந்த வளைவுகளில் இவரை இடது பக்கம் வைத்துக்கொண்டு இறங்கினால், ஒவ்வொரு தடவை கவர்க்கல் தாண்டும்போதும் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு, ஒருத்தரையொருத்தர் பார்க்காமல், வாரத்துக்கு நாலு தடவை. முடியாது. "என்னங்க, நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன், ஒங்ககிட்டச் சொல்லல" என்றேன். பிடரி அசையவில்லை. "லைசென்ஸும் வாங்கிட்டேன். மூணு மாசத்துக்கு முன்னால டிரைவிங் ஸ்கூல் குட்டப்பன் மாஸ்டர் என்னையக் கீழ இறக்கிக் கூட்டிட்டுப் போனாரு. கவர்க்கல்ல பனி வந்துச்சு." அந்த நாள் அப்படியே வந்து நின்றது, ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, அவர் அதைத் தொடவில்லை, போங்க சிஸ்டர், ரோட்டோர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்துவிடலாம் என்றார், எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது, பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, கால் மட்டும் பிரேக்கை மிதித்துவிட்டது, எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை, கண்ணுக்கு முன்னால் வெள்ளை, கீழே எத்தனை அடி பள்ளம் என்று தெரியாத வெள்ளை. "நானும் நிறுத்திட்டேங்க. பின்னால யாரும் சாகல, அவசரமில்ல, ஆனாலும் ரோடு தெரியல. இருபது நிமிஷம் நின்னேன். எந்த மனுஷனும் அங்க ஓட்ட முடியாது. நீங்க ஓட்டியிருந்தீங்கன்னா அவளோட சேந்து நாம ரெண்டு பேரும் போயிருப்போம். நான் அன்னைக்கு ஒங்ககிட்டச் சொன்னது தப்பு. அந்த இடத்துல நின்னு பாக்காம சொல்லிட்டேன்."

குரல் உடையாமல் சொல்லிவிட்டேன், அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரோ லயத்துப் பக்கம் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. ஷோரூமில் அந்தக் குடும்பத்துக் குழந்தை எதற்கோ அடம்பிடித்தது. அவர் தலையைத் திருப்பினார், சுவரிலிருந்து என் பக்கமாக, இடது தோளை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, வலது பக்கம் இழுபட, நான் உதவிக்குக் கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கண் நனைந்திருந்தது, ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு அது சும்மாவே நனைந்திருக்கும், அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. "இல்ல" என்றார். நீளமாகவும் இல்லை, வெட்டாகவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. என்னிடம் இருக்கிற கணக்குகளில் எதிலும் அது சேரவில்லை. நீ சொன்னது தப்பில்லை என்கிறாரா, மன்னிக்க ஒன்றுமில்லை என்கிறாரா, மன்னிக்கமாட்டேன் என்கிறாரா, இருபத்தாறு வருஷம் கழித்துச் சொல்கிறாயே என்கிறாரா. எல்லாமாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை, எது என்று தெரிந்தாக வேண்டும் என்றும் தோன்றவில்லை, அவர் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அதை வைத்துக்கொண்டேன். பிறகு அவர் இடது கையைத் தூக்கினார். மெதுவாக அது போன் வரைக்கும் வந்தது. கட்டைவிரலைக் கண்ணாடியில் தெரிந்த ஸ்டியரிங்கின் மேல் வைத்தார், விளிம்பில், பிடிக்கிற இடத்தில், வைத்து மெதுவாக வளைத்துக்கொண்டே கீழே இறக்கினார். கீழே சிவப்புப் பொத்தான் இருந்தது. படம் போய்விட்டது, வெறும் கறுப்பு, அதில் எங்கள் இரண்டு பேர் முகமும் மங்கலாகத் தெரிந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

நான் திரும்பக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "கட் ஆயிடுச்சு மேடம். அங்க சிக்னல் ப்ராப்ளமா?" "சிக்னல் இருக்கும்மா. அவரு ஸ்டியரிங்கத் தொட்டுப் பாத்தாரு." "சரி மேடம்" என்றாள், "அப்ப அனுப்பிடலாமா?" நான் அவரைப் பார்த்தேன். அவர் இடது கையால் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார், நிமிர்த்தி உட்காரவைக்கச் சொல்கிறபோது அப்படித்தான் தட்டுவார். போனை ஜன்னல் கம்பிக்கிடையில் செருகிவிட்டு அவரை அணைத்துத் தூக்கி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். "அனுப்பும்மா" என்றேன் ஜன்னலைப் பார்த்து. "ரொம்ப சந்தோஷம் மேடம். எங்க டிரைவர் உங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுடுவார், நீங்க அலைய வேணாம்." "வாசலுக்கு வேண்டாம்மா. மலைக்குக் கீழ ஆழியாறு செக்போஸ்ட் வரைக்கும் வந்தாப் போதும். நாங்க ரெண்டு பேரும் இறங்கி வந்து வாங்கிக்கிறோம். அங்கருந்து நான் ஓட்டிட்டு ஏறிருவேன்." "மேடம், நாப்பது வளைவுன்னு சொல்றாங்களே, புது வண்டி வேற." அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. எனக்கும் இருந்தது. "பனி வந்தா நிறுத்திக்குவோம்" என்றேன், அவரைப் பார்த்து.